என்.டி.ஏ.வா, ஐ.எம்.ஏ.வா, ஓ.டி.ஏ.வா? லீவை மட்டும் வைத்து ஒரு கணக்கு

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தயாராகிற பிள்ளைகள் கேட்பது கட் ஆஃப், எஸ்.எஸ்.பி. நேர்காணல், மெடிக்கல் பற்றி. அவர்களுடைய அப்பா அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வருஷத்துக்கு எத்தனை தடவை வீட்டுக்கு விடுவாங்க?" இதைச் சின்னக் கேள்வி என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். நான் தள்ள மாட்டேன். பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ.வுக்கு (தேசியப் பாதுகாப்பு அகாடமி) அனுப்புவதா, டிகிரி முடிக்க விட்டு சி.டி.எஸ். (பட்டதாரிகளுக்கான ராணுவ அதிகாரித் தேர்வு) எழுத வைப்பதா, சி.டி.எஸ்.ஸிலேயே ஐ.எம்.ஏ.வை (டேராடூன் ராணுவ அகாடமி) முதலில் போடுவதா ஓ.டி.ஏ.வை (சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமி) முதலில் போடுவதா என்று முழிக்கிற வீடுகளில், அக்கா கல்யாணம், தாத்தா உடம்பு, குலதெய்வக் கோயில் எல்லாமே அந்த முடிவுக்குள் உட்கார்ந்திருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவுக்காக மட்டும் அகாடமியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐ.எம்.ஏ. என்றால் நிரந்தரக் கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை அதிகாரி வேலை. ஓ.டி.ஏ. என்றால் குறுகிய காலப் பணி, 10 வருஷம், விரும்பினால் இன்னும் 4. அந்த வித்தியாசம் வாழ்க்கை முழுக்க வரும். ஆனால் அதையெல்லாம் யோசித்து முடித்த பிறகும் ரெண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறவர்களுக்கு, அல்லது எதில் சேர்ந்தாலும் வீட்டுக் காரியங்களை எப்படித் திட்டமிடுவது என்று தெரிய வேண்டியவர்களுக்கு, இந்தக் கணக்கு உதவும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கமிஷன் வாங்கிய அதிகாரிக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 20 நாள் கேஷுவல் லீவு என்று கணக்கு உண்டு. அதுகூட உரிமையாகக் கேட்கிற விஷயம் இல்லை, யூனிட் நிலைமை பார்த்துத்தான் கிடைக்கும். பயிற்சியில் இருக்கிற கேடட்டுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. "மாமா பொண்ணு நிச்சயதார்த்தம், ரெண்டு நாள் லீவு வேணும்" என்று எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிற ஏற்பாடே இல்லை. டெர்ம் முடியும், அகாடமியே காலியாகும், எல்லோரும் ஒரே நேரத்தில் பெட்டியைத் தூக்குவார்கள். அதுதான் லீவு. பெற்றோர் இறப்பு மாதிரி பெரிய துக்கத்துக்கு மட்டும் தனியாக அனுப்புவார்கள், அதுவும் மேலதிகாரி பார்த்து முடிவு செய்வது.

ஆகவே நான் பார்ப்பது இவை: கமிஷனுக்கு முன்னால் எத்தனை பெரிய இடைவேளை, அது எந்த மாதத்தில் வருகிறது, நடுவில் வெளியே போக என்ன வாய்ப்பு, வந்துபோகிற செலவு யார் தலையில், கையில் இருக்கிற லீவும் எதனால் பறிபோகும்.

இதில் இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் கட்சி. எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், எந்த நாள் என்று யாரும் பார்ப்பதில்லை. அகாடமியின் காலண்டரையும் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

| | என்.டி.ஏ. (பிறகு ஐ.எம்.ஏ.) | ஐ.எம்.ஏ. நேரடி | ஓ.டி.ஏ. சென்னை |
|---|---|---|---|
| பயிற்சிக் காலம் | 3 + 1 ஆண்டு | 18 மாதம் | 49 வாரம் |
| டெர்ம் | 6 + 2 | 3 | 2 |
| கமிஷனுக்கு முன் பெரிய இடைவேளை | 7 | 2 | 1 |
| எப்போது | ஜூன், டிசம்பர் | ஜூன் நடுவில் தொடங்கி, டிசம்பர் நடுவில் தொடங்கி | செப்டம்பர் அல்லது மார்ச் |
| தமிழ் மாதம் | வைகாசி–ஆனி, கார்த்திகை–மார்கழி | ஆனி, மார்கழி | ஆவணிக் கடைசி–புரட்டாசி, மாசிக் கடைசி–பங்குனி |
| கையில் பணம் | முதல் 3 வருஷம் வீட்டுப் பணம் | மாதம் 56,100 | மாதம் 56,100 |
| தீபாவளி, பொங்கல் | பெரும்பாலும் டெர்முக்குள் | பெரும்பாலும் டெர்முக்குள் | டெர்முக்குள் |

## என்.டி.ஏ., கடக்வாஸ்லா

புனேக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள் உள்ள பிள்ளைகள். ஜனவரியில் ஒரு கோர்ஸ், ஜூலையில் ஒரு கோர்ஸ். மே கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் பாஸிங் அவுட் பரேடு (பயிற்சி முடித்தவர்களை வழியனுப்பும் அணிவகுப்பு) நடக்கும், அது முடிந்துதான் எல்லாருக்கும் வீடு. இடைவேளை சுமார் ஒரு மாதம். மூன்று வருஷத்தில் ஆறு டெர்ம் என்றால் நடுவில் ஐந்து இடைவேளை, படிப்பு முடிந்து டேராடூன் போவதற்கு முன்னால் ஒன்று, டேராடூனில் ரெண்டு டெர்முக்கு நடுவில் ஒன்று, ஆக ஏழு. எண்ணிக்கையில் இதை யாரும் அடிக்க முடியாது. இது தரைப்படைக்குப் போகிறவனின் கணக்கு. கடற்படை, விமானப்படை கேடட்கள் கடைசிக் கட்டத்துக்கு எழிமலை கடற்படை அகாடமிக்கும் துண்டிகல் விமானப்படை அகாடமிக்கும் பிரிந்துவிடுவார்கள்.

மாதமும் நன்றாகவே அமைகிறது. ஜூன் முதல் பாதி வைகாசி, அடுத்த பாதி ஆனி. ரெண்டிலும் முகூர்த்தம் நிறைய. டிசம்பரில் முதல் பதினைந்து நாள் கார்த்திகை, அதற்கப்புறம் மார்கழி பிறந்துவிடும். அதாவது அண்ணன் அக்கா கல்யாணத்தை வைக்க வருஷத்துக்கு ரெண்டு ஜன்னல் திறக்கிறது, ஒன்று முழுசாக, ஒன்று பாதியாக. தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னும் வசதி, கிறிஸ்துமஸும் அதை ஒட்டி வைக்கிற கல்யாணங்களும் அந்த இடைவேளைக்குள்ளேயே வந்துவிடும். ரம்ஜானுக்கு இந்த மாதிரி நிலையான கணக்கு கிடையாது, வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், ஏதோ ஒரு வருஷம் மாட்டும்.

நடுவில் கிடைப்பது: ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதற்கு அங்கே லிபர்ட்டி என்று பெயர். முதல் டெர்மில் டிரில் ஸ்கொயர் டெஸ்ட் பாஸ் பண்ணுகிற வரைக்கும் லிபர்ட்டி கிடையாது. அணிவகுப்பு மைதானத்தில் கை, கால், சல்யூட் எல்லாம் சரியாக வந்தால்தான் கேட்டைத் தாண்ட முடியும். அதற்கப்புறமும் ரெஸ்ட்ரிக்‌ஷன் (தண்டனையாக வெளியே போகத் தடை) வாங்கினால் அந்த ஞாயிறு போச்சு. டெர்ம் நடுவில் சில நாள் மிட் டெர்ம் பிரேக் உண்டு, ஆனால் தென் மாவட்டத்துப் பையனுக்கு அது வீட்டுக்கு வந்து போகக் காணாது. நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸ் புனே வழியாகத்தான் போகிறது, கோயம்புத்தூருக்கும் குர்லா வண்டி இருக்கிறது. இருந்தாலும் போக ஒரு நாளுக்கு மேல், வர ஒரு நாளுக்கு மேல். நடுவில் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு விமான டிக்கெட் போடுவதா என்று வீட்டில் சண்டைதான் வரும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். முதல் மூன்று வருஷம் கேடட்டுக்குச் சம்பளமோ உதவித்தொகையோ கிடையாது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு அரசு பார்த்துக்கொள்ளும், பாக்கெட் மணி பெற்றோர் அனுப்ப வேண்டும், வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதற்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஏழு இடைவேளை என்று சந்தோஷப்பட்டோமே, அத்தனைக்கும் போக வர டிக்கெட் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று யாரும் பேசாதது. பதினேழு வயதுப் பையன் முதல் டெர்மை எப்படியோ தாண்டி வீட்டுக்கு வருவான், மெலிந்து, கறுத்து, நடந்தாலே அணிவகுப்பு மாதிரி. கூடப் படித்தவர்கள் காலேஜில் பைக்கில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். "நான் திரும்பிப் போகலைம்மா" என்கிற பேச்சு வருவது அந்த முதல் இடைவேளையில்தான். சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விட்டு வந்தால் அதுவரை அரசு செலவழித்த தொகையை, முழுசாகவோ ஒரு பகுதியாகவோ, திருப்பிக் கட்ட வேண்டி வரும் என்று சேரும்போதே எழுதி வாங்கியிருப்பார்கள். பெற்றோர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதையே மறந்திருப்பார்கள். ஆகவே முதல் இடைவேளையில் பையனை ஊர் ஊராகச் சொந்தக்காரர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தூங்க விடுங்கள்.

யாருக்கு நல்லது: வீட்டில் அடுத்தடுத்து விசேஷங்கள் இருக்கிற, மூன்று நாலு வருஷம் பையனைக் கொஞ்சம் கொஞ்சமாகவாவது பார்த்துக்கொண்டே இருக்க நினைக்கிற குடும்பத்துக்கு. பெண் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. 17 பெண்கள் கொண்ட முதல் அணி 2025 மே மாதம் கடக்வாஸ்லாவில் முடித்து வெளியே வந்தது.

## ஐ.எம்.ஏ., டேராடூன், நேரடிச் சேர்க்கை

டிகிரி முடித்து சி.டி.எஸ். வழியாகப் போகிறவர்களுக்கு 18 மாதம், மூன்று டெர்ம். பரேடு ஜூனிலும் டிசம்பரிலும், பெரும்பாலும் இரண்டாவது சனிக்கிழமை. 2025இல் ஜூன் 14, டிசம்பர் 13. அது முடிந்தபிறகு மூன்று, நாலு வாரம்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். ஜூன் இடைவேளை கிட்டத்தட்ட முழுக்க ஆனி மாதம். ஆடி பிறப்பதற்குள் திரும்பியிருப்பான். நல்லது. டிசம்பர் இடைவேளை? ஆரம்பத்தில் கார்த்திகையின் கடைசி ரெண்டு மூன்று நாள், மீதியெல்லாம் மார்கழி. நம்மூரில் மார்கழியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? தை பிறந்தால் வழி பிறக்கும், ஆனால் தை பிறப்பதற்குள் அடுத்த டெர்ம் பிறந்துவிடும். பொதுவாகப் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பிப் போக வேண்டியிருக்கும். கரும்பு கடைக்கு வந்து இறங்குகிற வாரத்தில் பையன் ரயிலில் இருப்பான். அம்மாக்களுக்கு இது கொடுக்கிற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

என் அக்கா மகன் அங்கே இருந்த சமயம் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தங்கைக்கு வரன் அமைந்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் தை மாதம்தான் என்று பிடிவாதம், அக்காவுக்கும் வேறு வழியில்லை. கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் தாலி கட்டி முடிந்து, பந்தி பாதி நடந்துகொண்டிருக்கும்போது அவன் லிபர்ட்டியில் வெளியே வந்து ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டான். டை கட்டி, முழுக்கைச் சட்டை, ஷூவில் முகம் தெரியும் அளவு பாலிஷ். "மாமா, வீடியோ அனுப்பினீங்களே, தாலி கட்டுறது தெரியவே இல்ல, அம்மா பின்னாடி 'அந்த இலைக்கு ரசம் வரல'ன்னு கத்துறதுதான் கேக்குது" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அக்கா போனை வாங்கி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, கை கழுவப் போவதாகச் சொல்லிப் பின்கட்டுக்குப் போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆரம்பத்திலேயே ஆனி மாதம் என்று பேசியிருந்தால் அவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்களோ என்னவோ, ஆனால் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் ஆனியில்தான் அவன் வருவான் என்று கணக்குப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பணம் விஷயத்தில் நிம்மதி. பயிற்சிக் காலம் முழுவதும் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. மெஸ், துணி, அது இது என்று பிடித்தம் போகும், போனாலும் டிக்கெட்டுக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம்.

ஆனால் தூரம் இருக்கிறதே. டேராடூனிலிருந்து தில்லி, தில்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்கிலோ சென்னை, அங்கிருந்து சொந்த ஊர். நெல்லைக்காரர்களுக்கு நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, வாரத்தில் ரெண்டு நாள்தான். ரயில் என்றால் போக வர லீவில் ஐந்தாறு நாள் தண்டவாளத்திலேயே போய்விடும், விமானம் என்றால் டிசம்பர் கட்டணம் கண்ணைக் கட்டும். திரும்பும்போது வேறொரு வில்லங்கம்: ஜனவரி முதல் வாரத்தில் வட இந்தியா முழுக்கப் பனிமூட்டம். ரயில் பல மணி நேரம் தாமதமாகும், தில்லியில் விமானம் இறங்காது. "பனிமூட்டம் சார்" என்று தாமதமாகப் போய் நிற்பதை அகாடமியில் யாரும் ரசிக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு நாள் முன்னதாகக் கிளம்பச் சொல்லுங்கள், அந்த நாளையும் லீவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். சி.டி.எஸ். வருஷத்துக்கு ரெண்டு முறை. முதல் தேர்வில் எழுதித் தேறினால் அடுத்த ஜனவரி கோர்ஸ், இரண்டாவதில் எழுதினால் அடுத்த ஜூலை கோர்ஸ். ஜனவரியில் சேர்ந்தவனுக்கு முதல் இடைவேளை ஜூனில், இரண்டாவது டிசம்பரில், கமிஷன் அடுத்த ஜூனில். ஜூலையில் சேர்ந்தவனுக்கு இது அப்படியே திரும்பும், கமிஷன் டிசம்பரில். கமிஷன் வாங்கியதும் யூனிட்டுக்குப் போவதற்கு முன்னால் கொஞ்ச நாள் லீவு கிடைக்கும். நட்சத்திரம் தோளில் ஏறின கையோடு வருகிற லீவு என்பதால், வீட்டில் அதற்கு மதிப்பே வேறு. ஆனியில் அது அமைந்தால் தம்பி தங்கை கல்யாணத்தை அதில் வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு நல்லது: டிகிரி வரைக்கும் வீட்டில் இருந்துவிட்டு, ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு, நிரந்தரக் கமிஷனோடு வர நினைக்கிறவனுக்கு. வீட்டு விசேஷத்தை ஆனிக்கு நகர்த்த முடிந்த குடும்பத்துக்கு.

## ஓ.டி.ஏ., சென்னை

பரங்கிமலை. நம் ஊர். இதுதான் பலர் ஓ.டி.ஏ.வை முதல் விருப்பமாகப் போடுவதற்கே காரணம், அதில் ஏமாற்றமும் இங்கேதான் ஆரம்பம்.

49 வாரம், ரெண்டு டெர்ம், நடுவில் ஒரே ஒரு இடைவேளை, ரெண்டு மூன்று வாரம் அளவில். ஏப்ரலில் ஒரு கோர்ஸ், அக்டோபரில் ஒரு கோர்ஸ். சீனியர்களின் பரேடு செப்டம்பர் முதல் வாரத்திலோ மார்ச் முதல் பாதியிலோ நடக்கும், அது முடிந்ததும் ஜூனியர்களுக்கு லீவு. ஏப்ரலில் சேர்ந்தவனுக்கு செப்டம்பர், அக்டோபரில் சேர்ந்தவனுக்கு மார்ச். 2025இல் பரேடு மார்ச் 8, செப்டம்பர் 6.

செப்டம்பர் என்றால் ஆவணியின் கடைசிப் பத்து நாள், அதற்குமேல் புரட்டாசி. பெருமாள் பக்தி உள்ள வீடுகளில் புரட்டாசியில் கறிகூட எடுக்க மாட்டார்கள், ஐந்து மாதமாக மெஸ் சாப்பாடு சாப்பிட்டவன் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு கேட்டால் பாட்டி முறைப்பாள். மார்ச் என்றால் மாசியின் கடைசி வாரம், பிறகு பங்குனி. பங்குனியைச் சில வீடுகளில் கல்யாணத்துக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்கள், சில வீடுகளில் அப்படியெல்லாம் பார்க்க மாட்டார்கள். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு ஆறுதல், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிற வழக்கம் உள்ள குடும்பம் என்றால் சில வருஷங்களில் லீவோடு அது சேர்ந்து வரும். 2024இல் உத்திரம் மார்ச் 25, 2025இல் ஏப்ரல் 11. ஒரு வருஷம் மாட்டும், அடுத்த வருஷம் தவறும்.

சரி, பக்கத்திலேயே இருக்கிறதே, ஞாயிறு ஞாயிறு வந்துவிடலாமே? அப்படி இல்லை. ஆரம்ப வாரங்களில் வெளியே விடுவதே இல்லை. பிறகு லிபர்ட்டி கிடைத்தாலும் சில மணி நேரம், குறித்த நேரத்துக்குள் உள்ளே இருக்க வேண்டும், ஊர் தாண்டக் கூடாது. ஆலந்தூரில் வீடு இருக்கிற பையனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கையால் கிடைக்கலாம். மதுரைக்காரனுக்கு டேராடூனும் பரங்கிமலையும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றுதான். சொல்லப்போனால் சென்னையில் வீடு உள்ளவனுக்குத்தான் இன்னும் கஷ்டம், ராத்திரி பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயில் சத்தம் கேட்கும், பத்து ஸ்டேஷன் தள்ளி வீடு, போக முடியாது. பெற்றோருக்கும் கை சும்மா இருக்காது, முறுக்கு, தட்டை எல்லாம் டப்பாவில் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து போகாதீர்கள். பையனுக்குத்தான் தர்மசங்கடம், மற்ற கேடட்கள் பல நாளைக்கு அவனை விட மாட்டார்கள்.

பணம் ஐ.எம்.ஏ. மாதிரியேதான், மாதம் 56,100. பயணச் செலவு தமிழ்நாட்டுக்காரனுக்கு அநேகமாக ஒன்றுமில்லை, ஒரு ராத்திரி பஸ். லீவு பதினைந்து நாள் என்றால் பதினைந்து நாளும் வீட்டில். டேராடூன்காரன் மூன்று வாரத்தில் ரயிலுக்குக் கொடுக்கிற நாளைக் கழித்தால் ரெண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மறைமுகச் செலவு என்றால் நேரம்தான். ஒரு வருஷத்துக்கும் குறைவான காலத்தில் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள், ஆகவே மூச்சு விட இடமில்லை. ஏப்ரல் கோர்ஸ் என்றால் சேர்ந்த சில வாரத்தில் அக்னி நட்சத்திரம், சென்னை வெயிலில் ஓட்டம். உடம்பு முடியாமல் நாட்கள் போனால் ஈடுகட்ட அடுத்த டெர்ம் என்று பெரிதாக எதுவும் இல்லை, நேராகப் பின்தள்ளல்தான், அதாவது ஆறு மாதம் பின்னால் போட்டுவிடுவார்கள்.

யாருக்கு நல்லது: வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, நீண்ட காலம் தள்ளி இருக்க முடியாது, சீக்கிரம் சம்பாத்தியம் வேண்டும் என்கிறவர்களுக்கு. 49 வாரத்தில் முடிந்து, அதற்கப்புறம் வருஷம் 60 நாள் லீவு உள்ள அதிகாரியாகிவிடலாம். என்.டி.ஏ.காரன் அந்த 60 நாள் கணக்குக்கு வர நாலு வருஷம் ஆகும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பட்டம் முடித்த பெண்களுக்கு, இதுவரை வந்திருக்கிற சி.டி.எஸ். அறிவிப்புகளின்படி, தரைப்படை என்றால் ஓ.டி.ஏ. ஒன்றுதான், ஒப்பிட வேறு எதுவும் இல்லை. இங்கே 1992லிருந்தே பெண் அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள்.

## விமானப்படை, கடற்படை

சுருக்கமாக. துண்டிகல் விமானப்படை அகாடமியின் பரேடும் ஜூன், டிசம்பர்தான், ஆகவே ஐ.எம்.ஏ. கணக்கையே கொஞ்சம் முன்பின்னாக வைத்துக்கொள்ளலாம், ஹைதராபாத் பக்கம் என்பதால் பயணம் எளிது. எழிமலை கடற்படை அகாடமியின் பரேடு மே, நவம்பர், அது என்.டி.ஏ. காலண்டர் மாதிரி. பையனூர் ஸ்டேஷனில் இறங்க வேண்டும், கோவைக்காரர்களுக்கு ஒரே ராத்திரியில் வீடு.

## எதில் சேர்ந்தாலும் லீவைத் தின்கிற விஷயங்கள்

பின்தள்ளல், அதாவது ரெலிகேஷன். உடல் தகுதித் தேர்விலோ படிப்பிலோ தவறினாலும், காயம் பட்டோ நோய் வந்தோ அதிக நாள் பயிற்சியைத் தவறவிட்டாலும் ஆறு மாதம் பின்னால் போட்டுவிடுவார்கள். கூடச் சேர்ந்தவர்கள் சீனியராகிவிடுவார்கள், கமிஷன் தள்ளிப்போகும், போட்ட கல்யாணக் கணக்கு எல்லாம் மாறும். இதற்கும் லீவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், காயத்தில் கொஞ்சம் லீவில்தான் வருகிறது. ஊருக்கு வந்து நண்பன் பைக்கை வாங்கி ஓட்டி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினால் அந்த டெர்மே கேள்விக்குறி. மஞ்சள் காமாலை, டைபாய்டும் அப்படித்தான். வெளிச் சாப்பாட்டில் கொஞ்சம் கவனம் இருக்கட்டும். லீவில் வந்தவனுக்கு பைக் சாவியைக் கொடுக்காதீர்கள், இதை மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

உடம்பு ஏறுவது. மூன்று வாரம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போனால் திரும்பிய முதல் வாரத்து ஓட்டத்தில் தெரிந்துவிடும். ஓட்டத்தில் பின்தங்கினால் ஞாயிற்றுக்கிழமைகள் போகும். ஆக, லீவிலும் காலையில் எழுந்து ஓடுகிறவனுக்குத்தான் அடுத்த டெர்மில் லிபர்ட்டி. அம்மாக்கள் "இங்க வந்துமாடா" என்று தடுப்பார்கள், விட்டுவிடுங்கள் அம்மா.

கல்யாணம். அவன் தங்கை கல்யாணத்தைச் சொல்லவில்லை, அவன் கல்யாணத்தைச் சொல்கிறேன். லீவில் வந்திருக்கிற நேரத்தில் "முறைப் பெண் இருக்கா, சும்மா தாலியை மட்டும் கட்டிடுவோம்" என்று பெரியவர்கள் யோசிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பயிற்சி முடியும் வரை திருமணம் செய்யக் கூடாது. செய்தால் வெளியேற்றம், அரசு செலவழித்த பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். சி.டி.எஸ். அறிவிப்பிலேயே இது தெளிவாக அச்சாகியிருக்கிறது, பெரியவர்களுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

அப்புறம் டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்குள்தான், முன்பு 120. பரேடு தேதி வெளியானதும் அதிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி அலாரம் வையுங்கள். கேடட்டிடம் விட்டால் நடக்காது, முன்பதிவு திறக்கிற காலை எட்டு மணிக்கு அவன் கையில் போன் இருக்காது, வீட்டிலிருந்துதான் யாராவது போட வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை சபரிமலைக் கூட்டம், தெற்கே வருகிற வண்டிகளில் இடமே இருக்காது, ஆகவே என்.டி.ஏ., ஐ.எம்.ஏ. பெற்றோர்கள் அந்த டிசம்பர் டிக்கெட்டில் முதல் நாளே கை வைக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் அதேபோல நாள் எண்ணி வீட்டிலிருந்தே போட்டுவிடுங்கள். லீவு முடிகிற தேதி ஒன்றிரண்டு நாள் மாறினால் ரத்து செய்கிற கட்டணத்தோடு போகும். வெயிட்டிங் லிஸ்டில் தொங்கிக்கொண்டு கடைசி நாளில் தட்கலுக்கு ஓடினால் அந்தக் கடைசி வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சாகத்தான் இருக்கும்.